மூன்று கிராம்

மணலியில் வேலை பதினொன்றுக்கே முடிந்துவிட்டது.
அறுபது டன் எடைமேடை, இருபது கிலோ பிசகு.
சரிசெய்து, ஈயமுத்திரை குத்தி,
மூன்று படியில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால்
ரயிலுக்கு இன்னும் ஒன்பது மணிநேரம்.
வழக்கம்போல் கிளம்பினேன்.

எந்த ஊருக்கு அனுப்பினாலும் இதுதான்.
ஹூப்ளியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒருவர்,
கொல்லத்தில் படகுத்துறை ஓரம்,
விஜயவாடாவில் பாலத்தடியில் கோணி விரித்து ஒரு அம்மாள்.
எல்லோரிடமும் ஒரே கேள்வி:
பற்பசை டப்பாவுக்குள் சும்மா போட்டுத் தருவார்களே,
விரல்நுனி அளவு பிளாஸ்டிக் மிருகம்,
அது இருக்கா?
முக்கால்வாசிப் பேர்
என் பல்லைப் பார்ப்பார்கள்.

விருத்தாசலம் ரயில்வே குவார்ட்டர்ஸில்
என்னிடம் பதினேழு இருந்தன.
நீர்யானை மட்டும் வரவில்லை.
சூசன்னாவிடம் இருந்தது. காட்டுவாள்,
தொட விடமாட்டாள்.
ஒரு மாதத்து டியூபை
ஒன்பது நாளில் பிதுக்கி முடித்தேன்.
சாக்கடையெல்லாம் புதினா மணந்த அன்று மாலை
அப்பா என்னைப் பேர் முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டார்.
அடுத்த டப்பாவில்
மூன்றாவது ஒட்டகம்.

எம்.சி. ரோட்டில் கல்யாணக் கூட்டம்
புடவைக்கு முட்டிக்கொண்டிருந்தது.
உள்ளே திரும்பி, மறுபடி திரும்பி,
ஆட்டோ நுழையாத சந்தில் தஸ்தகீரின் காயலாங்கடை.
உடைத்த கப்பலில் கழற்றிய கடிகாரம்,
பித்தளைக் குழாய், கதவில்லாத ஃபிரிட்ஜ்,
அதற்குள் குடும்பமாகப் பூனை.
பையனுக்கு இருபத்திரண்டு இருக்கும்.
“இன்னாக்கா தேடுறே?”
சொன்னேன். அவன் என் பல்லைப் பார்க்கவில்லை.
பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தான்.

கோலி. பள்ளி பேட்ஜ். ஸ்கூட்டர் சாவி.
ஒட்டகம் (இங்கேயுமா).
அதன் காலடியில்
மஞ்சளாக, வாயைப் பிளந்துகொண்டு, அது.

“நானூத்தம்பது.”
“சும்மா கொடுத்ததுப்பா இது.”
“அத்தாங்கா சொல்றேன்.
துட்டு குட்த்து வாங்குனதெல்லாம் இங்க கிலோ இருபது ரூபா.
சும்மா வந்ததுக்குத்தான் ரேட்டு.”

பழக்க தோஷம், அவன் மின்தராசில் வைத்தேன்.
நாலு கிராம் காட்டியது.
“ஒரு கிராம் பொய் சொல்லுதுப்பா உன் தராசு.”
“நீ இன்னா, ஆபீஸரா?” என்று
தராசை மெதுவாக உள்ளே தள்ளினான்.

திருப்பிப் பார்த்தேன்.
காதில் சூடான ஊசியால் போட்ட ஓட்டை.
ஓட்டைக்குள் கறுத்துப்போன நூல், ஒரு நெல்லளவு.
வயிற்றில் குண்டூசியால் கீறியிருந்தது:
ம. 4-பி.

மங்கையா, மன்சூரா, மரியதாஸா,
யாரோ கழுத்தில் கட்டித் திரிந்திருக்கிறார்கள்.
தொலைத்த அன்று சோறு இறங்கியிருக்காது.
இந்நேரம் எந்த ஊரிலோ
ஒரு கடைக்காரர்
அவர் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

முப்பத்தெட்டு வருடம் தேடியது
கையில் இருக்கிறது.
என்னுடையது இல்லை.
என்னுடையதாக எப்போதுமே இருந்ததில்லை என்பது
இப்போதுதான் உறைக்கிறது.
ஒட்டகத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டு
வரேம்ப்பா என்றேன்.

“நானூறு!”
தையல்கடையைத் தாண்டும்போது.

“முன்னூத்தம்பது!”
தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி நிற்கும்போது.
வரிசைக் குடங்கள் திரும்பிப் பார்த்தன.

“எக்கோவ், எரநூறு, இன்னும் போணி ஆவல!”
மாவு மில்லின் இரைச்சலையும் மீறி.

தேய்வது குரலா விலையா தெரியவில்லை.
இன்னும் பத்தடி நடந்தால்
அது மறுபடி சும்மா கிடைத்துவிடும்.

தெருமுனையில்
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல்
குனிந்தேன்.